‘ஒலிக்கிறது’ என்று சொல்ல நோர்டிக் மொழிகளில் ஏன் மூன்று வினைச்சொற்கள்?

தோணிக்காரன்:

நார்வேயில் வளர்ந்தவன் நான். இப்போது வேலை சுவீடனில், கோதன்பர்க் நகரத்தில். நார்வேஜியன் தெரிந்தவனுக்கு சுவீடிஷ் தனியாகப் படிக்க வேண்டியதில்லை, காது பழகினால் போதும் என்று எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள். முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசியில் ஒரு வினைச்சொல் உட்கார்ந்துகொண்டு உயிரை வாங்குகிறது.

அலுவலகத்தில் ஒருவர் ஒரு யோசனை சொல்கிறார். ‘கேட்க நன்றாகத்தான் இருக்கிறது’ என்று பதில் சொல்ல வேண்டும். நார்வேயில் ‘தெ ஹோரெஸ் ப்ரா ஊத்’ என்போம். சுவீடன்காரர்கள் ‘தெ லோத்தெர் ப்ரா’ என்கிறார்கள். டென்மார்க் கிளையிலிருந்து காணொளியில் பேசுகிறவர் ‘தெ லியூதெர் கொத்’ என்கிறார். மூன்றும் பக்கத்துப் பக்கத்து நாடுகள். அன்றாடச் சொற்களில் பெரும்பாலானவை பொது. இந்த ஒரு வினைக்கு மட்டும் ஏன் ஆளுக்கொரு சொல்?

இன்னொன்று. சுவீடிஷ் ‘லோத்தா’வுக்கு ‘விடு, அனுமதி’ என்ற பொருளும் உண்டு. ‘அவனைப் போக விடு’ என்பதற்கும் அதே லோத்தாதான். இது ஒரே சொல்லா, தற்செயலாக ஒரே உருவம் எடுத்த இரண்டு சொற்களா? இவற்றின் கால வடிவங்களையும் தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

வேர்ப்பலா:

ஒரே சொல். சந்தேகமே வேண்டாம்.

இந்த மொழிகளுக்கெல்லாம் மூதாதையான பழைய நோர்ஸ் மொழியில் ‘லாத்தா’. இறந்தகாலம் ஒருமையில் ‘லேத்’, பன்மையில் ‘லேத்து’. ஆங்கிலத்தின் ‘லெட்’, ஜெர்மனின் ‘லாஸென்’ எல்லாம் இதன் உடன்பிறப்புகள். இன்றைய சுவீடிஷில் நிகழ்காலம் லோத்தெர், இறந்தகாலம் லேத், முடிந்த செயலைக் குறிக்கும் வடிவம் லோத்தித், ஏவல் லோத். பொருள் ‘விடு’வாக இருந்தாலும் ‘ஒலி’யாக இருந்தாலும் வடிவத்தில் ஒரு புள்ளிகூட வேறுபாடு கிடையாது. ‘லோத் தெ லோத்தா’ என்றால் ‘ஒலித்தால் ஒலிக்கட்டும், விடு’. முதல் லோத் அனுமதி, இரண்டாவது ஒலி.

இந்த வினையின் பழைமை அதன் இறந்தகாலத்தில் தெரியும். ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்த, நான்காம் நூற்றாண்டின் கோதிக் மொழியில் ‘லேதன்’ என்பதன் இறந்தகாலம் ‘லெலோத்’. முதல் மெய் இரட்டித்து முன்னால் நிற்கிறது. சமஸ்கிருதம் படித்தவர்களுக்கு இந்த இரட்டிப்பு பழக்கமானது. நோர்ஸ் மொழிக்கு வரும்போது இரட்டிப்பு உதிர்ந்துவிட்டது. உள்ளே உயிர் மாறிய அடையாளம் மட்டும் மிஞ்சியது. சுவீடிஷ் லோத்தா–லேத் என்பதில் ஓகாரம் ஏகாரமாவது அந்த மிச்சம்தான்.

‘விடு’ எப்படி ‘ஒலி’ ஆயிற்று என்பதற்குத் தமிழனுக்கு விளக்கம் தேவைப்படக்கூடாது. நாம் மூச்சு விடுகிறோம், கொட்டாவி விடுகிறோம், கூட்டத்தில் ஒரு சத்தம் விடுகிறோம். அவர்களும் குரலை விட்டார்கள். நாளடைவில் ‘குரலை’ என்ற செயப்படுபொருள் தேவையில்லாமல் போய், விடுவதே ஒலிப்பதானது. அங்கிருந்து ‘ஒருவன் எப்படிக் குரல் விடுகிறான்’ என்பது ‘எப்படி நடந்துகொள்கிறான்’ என்று விரிந்தது. ‘போல நடி, பாசாங்கு செய்’ என்ற பொருளும் இதே கிளையில் முளைத்தது. சுவீடிஷில் பாசாங்கு செய்வதற்கு ‘லோத்சாஸ்’ என்கிறார்களே, அதுவும் லோத்தா பெற்ற பிள்ளைதான்.

எரிமலையடி:

ஐஸ்லாந்தில் இருப்பவள் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன். இங்கே அந்தச் சொல்லின் எழுத்து ஏறத்தாழ பழையபடியே இருக்கிறது, உச்சரிப்பு மட்டும் ‘லௌதா’ ஆகிவிட்டது. நிகழ்காலம் லைத், இறந்தகாலம் லியெத்.

அண்ணன் வேர்ப்பலா சொன்ன ‘நடந்துகொள்’ என்ற பொருள் இங்கே தினம் காதில் விழுகிறது. வேடிக்கையாக யாராவது மிகைப்படுத்திப் பேசினால் ‘லௌத்து எக்கி ஸ்வோனா’ என்பார்கள். ‘இந்த மாதிரியெல்லாம் பண்ணாதே’ என்று அர்த்தம். இதிலிருந்து பிறந்த ‘லைதி’ என்ற பெயர்ச்சொல்லுக்கு அமளி, கூச்சல், ரகளை என்று பொருள். பிள்ளைகள் உள்ள வீட்டில் ‘எங்கின் லைதி!’ என்ற அதட்டல் கேட்காத நாள் கிடையாது. ஒலி என்ற பொருள் நேரடியாகத் தங்கியிருக்கும் இடமும் உண்டு: காதுக்கு இனிமையாக இருப்பதை ‘லைத்தூர் வெல் ஈ எய்ரும்’ என்று சொல்வார்கள்.

‘இழ’ என்ற பொருளும் இதற்கு உண்டு. ‘உயிரை விட்டான்’ என்று நாம் சொல்வது போலவே ‘லௌதா லீவித்’. இறந்தவருக்கு ‘லௌதின்’ என்று பெயர். நாளிதழின் இரங்கல் பக்கத்தில் இருப்பதும் பிள்ளைகளை அதட்டும் ‘லைதி’யும் ஒரு வேரில் வந்தவை என்று முதலில் தெரிந்தபோது எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்றே தெரியவில்லை.

பாலத்துக்கு இக்கரை:

வீடு மால்மோவில், வேலை கோபன்ஹேகனில். ஒரே நாளில் ரயில் ஏறி இறங்குவதற்குள் வினைச்சொல்லை மாற்றிக்கொள்ள வேண்டிய பிழைப்பு.

டேனிஷில் லாத்தாவின் வாரிசு ‘லாதெ’. எழுத்தில் லாதெ, லாதெர், லோத், லாதெத். பேச்சில் தகரம் கரைந்து பாதி காணாமல் போகும், அது வேறு கதை. ‘விடு’ என்ற பொருள் உண்டு. ‘லாதெ சொம் ஒம்’ என்றால் பாசாங்கு செய்தல். ‘தெ லாதெர் தில்’ என்றால் ‘போலிருக்கிறது’. ஒலி என்ற பொருளை மட்டும் இன்றைய டேனிஷ் இதற்குக் கொடுப்பதில்லை. அந்த வேலையை ‘லியூதெ’ எடுத்துக்கொண்டது.

தோணிக்காரன் தம்பி, நீங்கள் நார்வேஜியன் பேசுகிறவர் என்பதால் ஒன்று கேட்கிறேன்: உங்கள் மொழியில் இந்த ஒரு பழைய வினை மூன்றாக உடைந்து கிடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ‘விடு’ என்பதற்குச் சுருங்கிய ‘லா’ (லா, லார், லூத், லாத்). பாசாங்குக்கும் ‘போலிருக்கிறது’க்கும் ‘லாத்தெ’ (லாத்தெ சொம், லாத்தெ தில்). ஒலிக்கு ‘லோத்தெ’. தாத்தாவின் வீட்டைப் பேரன்கள் அறை அறையாகப் பிரித்துக்கொண்டது போல. சுவீடன்காரர்கள் மட்டும் பிரிக்காமல் கூட்டுக் குடும்பமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தோணிக்காரன்:

அக்கா, லோத்தெ எங்களிடம் இருக்கிறது என்பது உண்மை, ஆனால் அது பெரும்பாலும் இசைக்காரர்கள் வாயில்தான். கிதார் சரியாக ஒலிக்கிறதா, ஒரு அரங்கில் இசைக்குழு எப்படி ஒலித்தது என்றால் ‘லோத்தெர்’. ஒரு யோசனையைப் பற்றி, ஒருவர் சொன்ன சாக்கைப் பற்றி என்றால் ‘ஹோரெஸ் ஊத்’.

இந்த ‘லியூதெ’யைப் பற்றி யாராவது எழுதுங்கள். நார்வேஜியனில் ‘லியூத்’ என்றால் சத்தம். ஆனால் ‘லியூதெ’ என்றால் கீழ்ப்படி என்றும் இருக்கிறது. ‘லியூதி’ என்றால் சொல் பேச்சு கேட்கும் பிள்ளை. சத்தத்துக்கும் கீழ்ப்படிதலுக்கும் என்ன உறவு? வீட்டில் அனுபவப்பட்டவரை இரண்டும் எதிரெதிர்.

வேர்ப்பலா:

நல்ல கேள்வி. இந்த இழையிலேயே சுவையான பகுதி இதுதான், ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுவேன்.

எல்லாவற்றுக்கும் தாய் ‘ஹ்லியோத்’ என்ற பழைய நோர்ஸ் பெயர்ச்சொல். இன்று ஐஸ்லாந்திய மொழியில் அதற்கு ஒலி என்று பொருள். பழைய பாடல்களில் முதலில் அகப்படும் பொருள் வேறு. ‘வோலுஸ்பா’ என்னும் பாட்டு, உலகம் பிறந்ததிலிருந்து அழிவது வரை ஒரு குறிசொல்லி வாயால் சொல்லப்படுவது, ‘ஹ்லியோத்ஸ் பித் எக்’ என்று தொடங்குகிறது. நேர்பொருள்: ‘ஹ்லியோத் கேட்கிறேன்’. சபையில் எழுந்து நின்று ஒருத்தி சத்தம் கேட்பாளா? அவள் கேட்பது செவியை. ‘எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என் சொல்லைக் கேளுங்கள்’ என்பதுதான் அந்த வரி. இந்தப் பாட்டைத் தாங்கிய தோல் ஏடு 1270-ஐ ஒட்டி எழுதப்பட்டது. 1643-இல் ஐஸ்லாந்தின் ஆயர் பிரின்யோல்வுர் ஸ்வெயின்சோன் கைக்கு வந்தது. 1662-இல் டென்மார்க் அரசருக்குப் பரிசாகப் போய், 1971-இல்தான் கப்பலேறித் திரும்பியது.

ஆக, ஹ்லியோத் என்பது முதலில் கேட்டல், கவனம். அங்கிருந்து இரண்டு திசையில் பாதை பிரிகிறது. கேட்க வேண்டுமானால் சுற்றிலும் அமைதி வேண்டும், ஆகவே ‘அமைதி’. கேட்டால் காதில் ஏதோ விழ வேண்டும், ஆகவே ‘ஒலி’. ஒரே சொல்லுக்குச் சத்தமும் நிசப்தமும் பொருளாக நின்றது இப்படித்தான். அமைதிப் பொருள் பிற்காலத்தில் ஒட்டியது என்று யாரும் எண்ண வேண்டாம். கோதிக் விவிலியத்தில், திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தில், பெண் அமைதியாகக் கற்க வேண்டும் என்ற இடத்தில் வருவது ‘ஹ்லியுத்’ என்ற இதே சொல்தான்.

‘செவிகொடு’ என்ற பொருளில் இதே வேரிலிருந்து ‘ஹ்லீதா’ என்று ஒரு வினை பிறந்தது. செவிகொடுத்தவன் கீழ்ப்படிந்தவன். நம் வீட்டிலும் ‘சொன்னால் கேள்’ என்பதற்கு வெறுமே காதில் வாங்கிக்கொள் என்றா அர்த்தம்? ஐஸ்லாந்திய மொழியில் ஹ்லீதா கீழ்ப்படிதலுக்கும், ‘ஹ்லியோதா’ என்ற இன்னொரு வினை ஒலித்தலுக்கும் என்று தனித்தனியாக நிற்கின்றன. டேனிஷிலும் நார்வேஜியனிலும் ஒலி மாற்றங்கள் இரண்டையும் உருட்டி ‘லியூதெ’ என்ற ஒரே உருவத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டன. தோணிக்காரனின் குழப்பம் அங்கே விளைந்தது.

பாலத்துக்கு இக்கரை:

உருவம் ஒன்றானதால் பொருளும் ஒன்றோடொன்று உரசும். நாய்க்கு என்ன பெயர் என்று சொல்லும்போது ‘இன்ன பெயருக்கு லியூதெர்’ என்பார்கள். பெயரைக் கூப்பிட்டால் கீழ்ப்படிகிறது என்பதா, பெயர் அப்படி ஒலிக்கிறது என்பதா? பேசுகிறவருக்கே தெரியாது. மனிதர்களைப் பற்றியும் கேலியாக அப்படிச் சொல்வதுண்டு.

சுவீடிஷ் இதில் இன்னும் நுணுக்கம். கீழ்ப்படிவதற்கும் ‘கடிதத்தின் வாசகம் இப்படி’ என்று சொல்வதற்கும் ‘லியூதா’ என்ற ஒரே வினை. ஆனால் இறந்தகாலத்தில் பிரியும். பிள்ளை கீழ்ப்படிந்தது என்றால் ‘லியூத்தெ’. பதில் இப்படி அமைந்திருந்தது என்றால் ‘ல்யோத்’. ஜெர்மனிலும் வாசகம் அமைவதற்கு ‘லௌட்டன்’ என்றே சொல்கிறார்கள் என்பதால் இந்தப் பொருள் இந்த வட்டாரத்துக்குப் பொதுவானது போலும். சத்தம் எழும்புவதற்கு சுவீடிஷில் தனியாக ‘லியூதா’ என்றே எழுதத் தோன்றும் இன்னொரு சொல் உண்டு; ஆனால் எழுத்திலேயே வேறு, வாயில் ‘யூதா’ என்றுதான் வரும். மணி ஒலித்தது, எக்காளம் ஒலித்தது என்று செய்யுள் நடையில் வரும். அலுவலகத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

எரிமலையடி:

அமைதிப் பொருள் இங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது என்பதையும் பதிவு செய்கிறேன். ‘ஹ்லியோதூர்’ என்று பெயரடையாக வந்தால் பேசாமல் இருப்பவன். ‘ஈ ஹ்லியோதி’ என்றால் சத்தமில்லாமல், மனத்துக்குள். சத்தம் அடங்குவது ‘ஹ்லியோத்னா’. அசைவே இல்லாத நிசப்தத்துக்கு ‘ஸ்தெயின்ஹ்லியோத்’ என்பார்கள், முன்பகுதி கல். இசைக்கருவிக்கோ ‘ஹ்லியோத்ஃபைரி’. கூட்டத்தில் பேச வாய்ப்புக் கேட்பதற்கு ‘க்வெத்யா சியெர் ஹ்லியோத்ஸ்’ என்று சொல்வது இன்றும் வழக்கு. குறிசொல்லி கேட்டதைத்தான் சங்கக் கூட்டத்தில் எழுந்து நிற்பவரும் கேட்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஹ்லியோத்லௌதூர்’. அமைதியானவர் என்று அர்த்தம். முன்பாதி ஹ்லியோத், பின்பாதி லௌதா. இந்த இழையில் ஒலிக்குப் போட்டிபோடும் இரண்டு வேர்களும் கைகோத்து நின்று சத்தமே போடாத ஒருவரைக் குறிக்கின்றன.

தம்புரா:

மொழியியல் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. இசை தெரியும். ஹ்லியோத், கோதிக் ஹ்லியுத் என்று படிக்கும்போது ‘சுருதி’ நினைவுக்கு வந்தது. சுருதி என்றால் கேட்கப்பட்டது. வேதத்துக்கும் பெயர், தம்புராவில் கூட்டுவதற்கும் பெயர். உறவு உண்டா, நான் அதிகப்பிரசங்கித்தனமாகக் கேட்கிறேனா?

வேர்ப்பலா:

உண்டு. சமஸ்கிருத ‘ச்ரு’, அதாவது கேள் என்னும் வினைப்பகுதி, கிரேக்கத்தில் புகழைக் குறிக்கும் ‘க்ளேஓஸ்’, நோர்ஸ் ஹ்லியோத், ஆங்கிலத்தில் உரத்த என்பதற்கான ‘லௌட்’. அனைத்தும் ‘க்லெவ்’ என்பது போன்ற ஒரு இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து வந்தவை. முதலில் இருந்த மேலண்ணக் ககரம் சமஸ்கிருதத்தில் சகரமாயிற்று, ஜெர்மானிய மொழிகளில் ஹகரமாயிற்று. அதே ஒழுங்கில் நூறு என்பதற்கு அங்கே ‘சதம்’, இங்கே ‘ஹுந்த்ராத்’. ஆகவே நீங்கள் ‘சுருதி சேர்ந்தது’ என்று தமிழில் சொல்லும்போது வாயில் இருப்பது, டேனிஷ்காரர் ‘லியூதெர் கொத்’ என்னும்போது அவர் வாயில் இருப்பதன் தூரத்துச் சொந்தம். நமக்கு அது சமஸ்கிருதம் வழியே கடனாக வந்தது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

வேல்முனை:

சமஸ்கிருதம் வரை போகிறவர்கள் தமிழுக்கு வரக் கூச்சப்படுவது ஏன்? ‘கேள்’ என்பதைப் பாருங்கள். க, ள. மூலம் என்று நீங்கள் சொல்லும் ‘க்லெவ்’வில் க, ல. பொருளும் அதே. கேட்டல், கீழ்ப்படிதல் இரண்டும் கேளுக்கும் உண்டு என்று நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள். கேள்தான் க்லெவ் ஆயிற்று என்று ஏன் சொல்லக்கூடாது?

வேர்ப்பலா:

சொல்லலாம், நிரூபிக்க முடியாது. இரண்டு எழுத்து ஒத்துப்போவது உறவுக்குச் சாட்சி ஆகாது. ஒரு மொழியில் க வரும் இடத்திலெல்லாம் மற்ற மொழியில் குறிப்பிட்ட ஒரு ஒலி தவறாமல் வர வேண்டும். ச்ரு–ஹ்லியோத் உறவு நிற்பது அந்த ஒழுங்கில்தான். பார்த்தால் ஒத்தே இல்லாத சதமும் ஹுந்த்ராத்தும் உறவு என்று சொல்ல வைப்பதும் அதே ஒழுங்கு. கேளுக்கும் க்லெவுக்கும் இடையே அப்படி ஒரு விதியைக் காட்டி, அதே விதியில் வேறு பத்துச் சொற்களையும் காட்டுங்கள், பேசலாம். கன்னடத்தில் ‘கேளு’, மலையாளத்தில் ‘கேள்க்குக’ என்று கேளுக்குச் சொந்த வீடு இருக்கிறது. நல்ல வீடு. அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

பொருள் ஒற்றுமை மட்டும் உண்மை. கேட்பவன் கீழ்ப்படிவான் என்ற எதிர்பார்ப்பு எல்லா மொழியிலும் பெற்றோருக்கு உண்டு.

பனங்கூடல்:

யாழ்ப்பாணத்திலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஒலி ஒழுங்கைப் பற்றிப் பேசும்போது ராஸ்மஸ் ராஸ்க்கின் பெயரைச் சொல்லாமல் விடக்கூடாது. டென்மார்க்காரர். பழைய நோர்ஸின் தோற்றத்தைப் பற்றி 1818-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் கிரேக்க, லத்தீன் சொற்களுக்கும் ஜெர்மானியச் சொற்களுக்கும் இடையே மெய்கள் மாறும் ஒழுங்கைக் காட்டிவிட்டார். ஜெர்மன் அறிஞர் யாக்கோப் கிரிம் அதை விரிவாக எழுதியது 1822-இல். பெயரென்னவோ ‘கிரிம் விதி’ என்று நிலைத்துவிட்டது.

அதே ராஸ்க், ரஷ்யா, பாரசீகம், இந்தியா என்று சுற்றி இலங்கைக்கும் வந்தார். சிங்கள எழுத்துமுறையைப் பற்றி டேனிஷ் மொழியில் அவர் எழுதிய சிறுநூல் 1821-இல் கொழும்பில் அச்சானது. 1823-இல் ஊர் திரும்பும்போது பாளி, அவெஸ்தா ஏடுகளைச் சுமந்துகொண்டு போனார். ஹ்லியோத்தின் வேரைத் தேடுகிற பாதை நம் தீவு வழியாகப் போனது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை, ஆனால் 1818 ஆய்வு முன்பே முடிந்துவிட்டது.

தோணிக்காரன்:

எரிமலையடி அக்காவுக்கு: இந்த ‘ஹ்ல்’ என்பதை நீங்கள் உண்மையிலேயே உச்சரிக்கிறீர்களா? நார்வேயிலும் சுவீடனிலும் அந்த ஹ காணோமே.

எரிமலையடி:

உச்சரிக்கிறோம், ஹ தனி, ல தனி என்று அல்ல. ‘ல்’ சொல்வதற்கு நாக்கை மேல்பல்லுக்குப் பின்னால் வையுங்கள். குரல் கொடுக்காமல் காற்றை மட்டும் ஊதுங்கள். நாக்கின் இரண்டு ஓரத்திலும் காற்று சீறி வெளியே போகும். அந்தச் சீறல்தான் ஹ்ல். பிறகு குரலைத் திறந்து ‘யோத்’.

அது இல்லாவிட்டால் பொருளே மாறிவிடும். ‘ஹ்லியோத்’ ஒலி, ‘லியோத்’ கவிதை. இரண்டும் வேறு வேறு வேர். லியோத்துக்கு உறவு ஜெர்மன் பாட்டுக்கான ‘லீட்’. பழைய நோர்ஸ் யாப்பில் ‘லியோதாஹாத்ர்’ என்ற பாவகையின் முன்பகுதி இந்த லியோத்தான், ஒலி இல்லை. ஃபரோ தீவுகளில் ஹ உதிர்ந்துவிட்டதால் அங்கே ஒலியே ‘லியோத்’ ஆகிவிட்டது. அவர்கள் கவிதைக்கு ‘இர்க்கிங்’ என்று வேறு சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

பாலத்துக்கு இக்கரை:

சுவீடிஷ் ஒரு படி மேலே போய் ல-வையும் தின்றுவிட்டது. எழுத்தில் லகரம் நிற்கும்; ஒலிக்குப் பெயர் வாயில் ‘யூத்’, ஒளிக்கு ‘யூஸ்’. ஐஸ்லாந்தில் இரண்டு மெய்யாக எழுதிச் சீறுகிறார்கள், டென்மார்க்கில் ஒன்று மிச்சம், சுவீடனில் சுத்தமாகத் துடைத்தாயிற்று.

இன்னொரு வினோதம், வடிவம் கேட்டவருக்காக. ஐஸ்லாந்திய ஹ்லியோதா சாதாரண விகுதி வினை, இறந்தகாலம் ‘ஹ்லியோதாதி’. பழைய நோர்ஸிலும் அப்படித்தான். ஆனால் சுவீடிஷ் யூதாவின் இறந்தகாலம் ‘யோத்’, டேனிஷ் லியூதெயின் இறந்தகாலம் ‘ல்யோத்’. உள்ளே உயிர் மாறுகிறது, விகுதி இல்லை. பழைய வினைகள் மெல்ல மெல்ல விகுதிக்கு மாறுவதுதான் வழக்கமான போக்கு. இது எதிர்த்திசையில் நடந்திருக்கிறது.

வேர்ப்பலா:

காரணம் சகவாசம். ‘அழை, வழங்கு’ என்ற பொருளில் சுவீடிஷ் ‘ப்யூதா’, டேனிஷ் ‘பியூதெ’ என்று ஒரு வினை உண்டு. அது பிறவியிலேயே உயிர் மாறும் இனம், இறந்தகாலம் ‘ப்யோத்’. ஒலிப்பில் அதன் பக்கத்திலேயே நின்றதால் நம் வினையும் அதைப் பார்த்து யோத், ல்யோத் என்று வேடம் போட்டுக்கொண்டது. அதனால்தான் அகராதியில் இதைப் பார்க்கிறவர்கள் மிகப் பழைய வினை என்று ஏமாந்துபோகிறார்கள். லோத்தா–லேத் பரம்பரைச் சொத்து, லியூதெ–ல்யோத் பின்னால் வாங்கியது.

தோணிக்காரன்:

எங்கள் ‘ஹோரெஸ் ஊத்’ இன்னும் விசாரணைக்கு வரவில்லை.

வேர்ப்பலா:

அது எளிது. ‘ஹோரெ’ என்றால் கேள். கடைசி ஸகரம் பழைய நோர்ஸில் ‘தன்னை’ என்று பொருள்பட்ட ‘சிக்’ தேய்ந்தது. ‘கேட்கப்படுகிறது’. இறந்தகாலம் ‘ஹோர்தெஸ்’. கடைசி ‘ஊத்’ வெளியே; ‘பார்க்க இப்படி இருக்கிறது’ என்பதற்கு நார்வேஜியன் ‘செர் ஊத்’ என்கிறதே, அதே ஊத். ஐஸ்லாந்தில் இதன் சொந்தம் ‘ஹெய்ரஸ்த்’.

எரிமலையடி:

ஆமாம், அங்கே ஒரு அழகு இருக்கிறது. ‘மியெர் ஹெய்ரிஸ்த்’ என்போம். ‘மியெர்’ என்பது ‘நான்’ இல்லை, நான்காம் வேற்றுமையில் ‘எனக்கு’. அவன் வருகிற சத்தம் எனக்குக் கேட்கிறது, வருகிறான் போலிருக்கிறது என்ற பொருளில். ஐரோப்பிய மொழிகளைப் படித்து ‘நான் கேட்கிறேன்’ என்று பழகியிருந்தவளுக்கு, ‘எனக்குக் கேட்கிறது’ என்று அப்படியே சொல்லும் மொழி கிடைத்ததில் பெரிய நிம்மதி.

தம்புரா:

வோலுஸ்பாவில் ஹெய்ம்தால் என்ற காவல் தெய்வத்தின் கொம்பும் வருமே, அதை எந்தச் சொல்லால் குறிக்கிறார்கள்?

வேர்ப்பலா:

அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிற இடத்தில் கைவைத்துவிட்டீர்கள். புனித மரத்தின் அடியில் ‘ஹெய்ம்தாலின் ஹ்லியோத்’ மறைத்து வைக்கப்பட்டிருப்பதைக் குறிசொல்லி அறிவாள் என்று ஒரு வரி. ஒலி என்று கொண்டால் அது அவன் ஊதும் கொம்பு. 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்னோரி ஸ்துர்லுசோன் எழுதிய விளக்கத்தோடு அது ஒத்துப்போகும். கேட்டல் என்று கொண்டால் அவன் தன் செவிப்புலனையே அங்கே அடகு வைத்திருக்கிறான். அடுத்த பாட்டில் தெய்வங்களின் தலைவன் ஓதின் தன் ஒரு கண்ணை மீமிரின் கிணற்றில் கொடுத்துவிட்டு நிற்கிறான் என்பதால் இந்த வாசிப்புக்கும் பலம் உண்டு. புல் முளைக்கும் சத்தமும் ஆட்டின் மேல் ரோமம் வளரும் சத்தமும் ஹெய்ம்தாலுக்குக் கேட்கும் என்று சொல்பவரும் அதே ஸ்னோரிதான். அப்படிப்பட்ட காதை அடகு வைப்பது சாதாரண விலையா? என் ஓட்டு செவிக்கு.

கொம்பு என்றதும் இன்னொன்று. டென்மார்க்கில், தென் ஜட்லாந்தின் கல்லெஹூஸ் என்ற இடத்தில் 1639-இலும் 1734-இலும் இரண்டு தங்கக் கொம்புகள் அகப்பட்டன. இரண்டாவதில், கி.பி. 400-ஐ ஒட்டிய ரூன் என்னும் பழைய ஜெர்மானிய எழுத்தில், கொம்பைச் செய்தவன் தன் பெயரை ‘ஹ்லேவகஸ்திஸ்’ என்று பொறித்திருந்தான். பெயரின் முன்பகுதியை நம் வேரோடு சேர்த்து, புகழ், அதாவது நாலு பேர் காதில் விழுந்த பெயர் என்று சிலர் படிக்கிறார்கள். நிழல், ஒதுங்குமிடம் என்று சிலர். 1802-இல் ஒரு பொற்கொல்லர் இரண்டையும் திருடி உருக்கிவிட்டார். இன்று இருப்பவை படங்களைப் பார்த்துச் செய்த நகல்கள்.

பாலத்துக்கு இக்கரை:

கொம்பிலிருந்து மாட்டுத்தொழுவத்துக்கு வருகிறேன், மன்னிக்கவும். நேற்றுவரை வீறாப்பாகப் பேசியவன் இன்று சுருதி இறங்கிப் பேசினால் இந்த நாடுகளில் என்ன சொல்வார்கள் தெரியுமா? சுவீடனில் ‘மணியில் வேறு யூத் வந்துவிட்டது’ என்பார்கள். மாட்டின் கழுத்து மணி. டென்மார்க்கிலும் நார்வேயிலும் ‘குழலுக்கு வேறு லியூத் வந்துவிட்டது’. ஐஸ்லாந்தில்?

எரிமலையடி:

‘மத்துப்பானையில் வேறு ஹ்லியோத் வந்துவிட்டது’. ‘ஸ்த்ரொக்கூர்’ என்பது வெண்ணெய் கடையும் உயரமான மரப்பானை. பாலாடை திரண்டு வெண்ணெய் ஆகிற நேரத்தில் கடையும் சத்தம் மாறும். கெய்சிர் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பக்கத்தில் பொங்கியெழும் ஊற்றுக்கும் அந்தப் பானையின் பெயர்தான்.

தோணிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: பாட்டுக்கு சுவீடிஷில் ‘லோத்’ என்கிறார்களே, அதுவும் இந்த லோத்தாவா? பறவைப் புத்தகங்களில் ‘லேத்தெ’ என்று போட்டிருக்கிறதே?

பாலத்துக்கு இக்கரை:

இரண்டும் அதுவேதான். ‘லேத்தெ’ பறவையோ விலங்கோ எழுப்பும் குரல். ‘லோத்’ முதலில் ஊர்ப் பிடில்காரர்கள் வாசித்த மெட்டு. இப்போது வானொலியில் வருகிற எந்தப் பாட்டும். பின்லாந்துப் பக்கம் போனால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, அது வேறு மொழிக்குடும்பம். அங்கே ‘ஒலிக்கிறது’ என்பதற்கு ‘கூலொஸ்தா’, கேள் என்று பொருள்படும் ‘கூல்லா’விலிருந்து ஆக்கியது. வேல்முனை அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வருவதற்குள் நான் ரயிலைப் பிடிக்கிறேன்.